செம்மூக்கி சொல்லாத சம்மதம்

பறப்பதற்கும் ஊர்வதற்கும் ஒரே பேச்சு இருந்த அந்தக் காலத்தில், ஏரிக்கரையை ஒட்டிய பொட்டலில் செம்மூக்கி என்றொரு பறவை இருந்தாள். நீண்ட மஞ்சள் கால், சிவந்த மூக்கு, வாயில்லாப் பூச்சி. அவள் குரல் எப்படியிருக்கும் என்று பக்கத்துக் கூட்டுக்கே தெரியாது.

அதற்குக் காரணம் இருந்தது. தரையில் முட்டையிடும் பறவைகளுக்கு மரமும் இல்லை, பொந்தும் இல்லை. ஆபத்து வந்தால் அவர்களுக்குத் தெரிந்த வித்தை ஒன்றே ஒன்றுதான். வயிற்றைத் தரையோடு ஒட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, கல்லோடு கல்லாகக் கிடப்பார்கள். முட்டைக்குள் இருக்கும் குஞ்சுக்குக்கூட அம்மாக்கள் முதலில் சொல்லிக்கொடுத்தது இதைத்தான்.

ஒரு வருஷம் பாம்புகள் பெருகிவிட்டன. அப்போதுதான் புதரிலிருந்து உடும்பு வந்தது. பாம்புகளை விரட்டியது. பொய் சொல்லக் கூடாது, விரட்டத்தான் செய்தது. "இனி நானே காவல்" என்றது. எல்லோருக்கும் நிம்மதி.

கொஞ்ச நாளில் பொட்டலைச் சுற்றிக் கருவேல முள்ளை இழுத்துப் போட்டது. குஞ்சுகள் தண்ணீருக்குப் போக வழியில்லாமல் தவித்தபோது, இதற்குப் பெயர் பாதுகாப்பு என்றது. அவரவர் தேடிப் பிடித்த புழுவில் பாதியை வாங்கிக்கொண்டு, இதற்குப் பெயர் காணிக்கை என்றது. எல்லாம் எங்கே போகிறது என்று ஒரு கௌதாரி கேட்டாள். பொதுநலத்துக்கு என்றது. அந்தப் பொதுநலம் உடும்பின் வயிற்றுக்குள் நன்றாகவே வளர்ந்துகொண்டிருந்தது.

செம்மூக்கி நான்கு முட்டையிட்டு அடைகாத்துக்கொண்டிருந்தபோது உடும்பு கூட்டம் கூட்டியது.

"அன்பானவர்களே! காவலுக்குத் தெம்பு வேண்டாமா? இனி கூட்டுக்கு இரண்டு முட்டை காணிக்கை. நான் யாரையும் கட்டாயப்படுத்துகிறவன் இல்லை. விருப்பமில்லாதவர்கள் தாராளமாகச் சொல்லலாம்."

பிளந்த நாக்கை வெளியே நீட்டி, ஒவ்வொருவர் முகத்துக்கு நேராகவும் ஆட்டிக் காட்டியது.

பறவைகள் என்ன செய்யும்? பயந்தால் செய்வதைத்தான் செய்தார்கள். வயிற்றைத் தரையில் ஒட்டி, மூச்சைப் பிடித்து, கல்லாகிவிட்டார்கள். செம்மூக்கியும்தான்.

"ஆக, எல்லோருக்கும் சம்மதம். ரொம்ப சந்தோஷம்" என்றது உடும்பு.

அன்று மாலையே செம்மூக்கியின் கூட்டிலிருந்து இரண்டு முட்டைகள் போயின. அவள் கண்ணெதிரே ஓடு நொறுங்கியது. அவள் கல்லாகவே கிடந்தாள். அப்போதும் சத்தம் வரவில்லை.

"கௌதாரி, நாம எப்படி சம்மதிச்சோம்?" என்று பிறகு கேட்டாள்.

"வாயைத் தெறக்கலையேக்கா. அதுக்குப் பேரு சம்மதமாம்."

"பயத்துல வாயடைச்சுப் போறதுக்கா அந்தப் பேரு?"

"மெதுவாப் பேசுக்கா. மிச்சம் ரெண்டு இருக்குல்ல? பேசாம இரு."

பேசாமல் இருந்தாள். சில நாள் கழித்து, ஒரு காலையில் வெயில் ஏற ஏற, மிச்சமிருந்த இரண்டு முட்டைக்குள்ளிருந்தும் 'கீச், கீச்' என்று கேட்கத் தொடங்கியது. இன்னும் ஒரு நாள் பொறுத்தால் ஓடு உடையும்.

அன்று மத்தியானம், அவள் புருஷன் நெஞ்சிறகை நனைத்துவந்து முட்டைக்குக் குளுமை கொடுக்க ஏரிக்குப் போயிருந்தான். அப்போது சரளைக்கல் சரசரத்தது. செம்மூக்கி கூட்டைவிட்டு எழுந்து, எட்டிப் போய்க் கல்லாகிக் கிடந்தாள். முட்டைகளும் கூழாங்கல் நிறம்தான். தெரியாது, தெரியாது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

உடும்பு நேராகக் கூட்டுக்கே வந்தது.

"காணிக்கைதான் கொடுத்துட்டேனே" என்று சொல்ல நினைத்தாள்.

உடும்பே பேசியது. "அன்றைக்குத் தந்த சம்மதம் இன்னும் தீரவில்லை, அம்மா. வேண்டாம் என்றால் இப்போதும் சொல்லலாம்." ஒரு மூச்சு நேரம் காத்திருந்தது. பெரிய நியாயவான்! பிறகு தலையைக் குனிந்தது.

இரண்டு குரல்களில் ஒன்று நின்றுபோனது.

அந்த நிசப்தத்தைத் தாங்க முடியாமல்தான் செம்மூக்கி எழும்பினாள். தனக்கே தெரியாத ஒரு குரல் அவள் தொண்டையைக் கிழித்துக்கொண்டு வந்தது.

"இல்லை! இல்லை! நான் கொடுக்கலை! எனக்குச் சம்மதம் இல்லை!"

வானத்துக்கும் பூமிக்குமாகப் பறந்து பறந்து கத்தினாள். உடும்பின் தலைமேல் பாய்ந்தாள். "ஒரு குரல்தானே? பொதுநலத்துக்கு முன்னால் ஒரு குரல் எம்மாத்திரம்!" என்றது உடும்பு. ஆனால் அந்த ஒரு குரல் போய் விழுந்த இடமெல்லாம் கல்லாகிக் கிடந்தவர்கள் அசைந்தார்கள். புருஷன் ஏரியிலிருந்து கத்திக்கொண்டே வந்தான். ஒருவர் பின் ஒருவராக எல்லாரும் எழும்பிக் கத்தினார்கள், கொத்தினார்கள். உடும்பு முள்வேலியில் சதையைக் கிழித்துக்கொண்டு புதருக்குள் ஓடியது.

கௌதாரி மட்டும் எழவில்லை. பாவம், அவளைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை.

மறுநாள் கடைசி முட்டை உடைந்தது. ஈரக் குஞ்சு தலையை நீட்டியதும் செம்மூக்கி அதற்கு முதலில் சொல்லிக்கொடுத்தது அந்தக் கத்தலைத்தான். ஒரு மூச்சு நேரம் பிந்தியதால் போன குரல் அவள் காதில் இருந்துகொண்டே இருந்தது.

அவளுக்கு ஆள்காட்டி என்று நாம் பேர் வைத்தது பின்னால்தான். பொட்டலில் நீங்கள் சும்மா நடந்துபோனாலும், ஆடு மேய்ந்தாலும், தொலைவில் காலடி கேட்டதுமே அவள் எழும்பிக் கத்துகிறாள். தான் சும்மா இருந்ததாக இனி ஒருவரும் சொல்லிவிடக் கூடாது என்று அவள் பயப்படத் தொடங்கியது அன்று முதல்தான்.