கோட்டைக்குள் ஒருவரும் இல்லை

“மேடம், வர்றவங்களுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நிக்குன்னு சொன்னது நீங்க. இப்ப மூஞ்சியைக் காட்டுனா அதுவும் தப்புங்கிய. மூணாவதா ஒரு பக்கம் இருந்தாச் சொல்லுங்க, திருப்பிருதோம்.”

இப்படிச் சொன்னவர் சூசைமுத்து. சொல்லப்பட்டது பீரங்கியைப் பற்றி. கேட்டுக்கொண்டு நின்றது பூங்கா அதிகாரி ஹேமலதா. பாவம், அவளுக்குக் காலையிலிருந்தே தலைவலி.

சிப்பித்துறைக் கோட்டையில் ஒரு காலத்தில் பட்டாளம் இருந்தது. மூன்று பக்கம் கடல், ஒரு பக்கம் பெரிய மரக்கதவு. பட்டாளம் போன பிறகு ஆடு மேய்ந்தது. இப்போது புல் பதித்து, ஊஞ்சல் கட்டிப் பூங்கா ஆக்கியிருக்கிறார்கள். அன்று மாலை நாலு மணிக்குத் திறப்பு விழா. ரிப்பன் வெட்ட நகராட்சித் தலைவி வருகிறார். நூறு வருஷமாகக் கடலை முறைத்துக்கொண்டிருந்த பீரங்கியோ, இப்போது வாசலைக் குறிபார்க்கிறது.

“இருக்கட்டும், விடுங்க” என்றாள் ஹேமலதா. “விழா மட்டும் ஒழுங்கா நடந்தா, திங்கட்கிழமை மூணு பேருக்கும் வேலை நிரந்தரம். இல்லைன்னா ஆளை மாத்தச் சொல்லி மேலேயிருந்து உத்தரவு.”

சூசைமுத்து பதினோரு வருஷமாகத் தற்காலிகக் காவலாளி. பால்துரையும் கோயில்பிள்ளையும் ஒன்பது வருஷம். மூவரும் தொப்பியைச் சரிசெய்துகொண்டு விறைப்பாக நின்றார்கள்.

அவள் மூன்று கட்டளைகளைத் தாளில் எழுதிக் கொடுத்தாள். மறந்துவிடுவார்களோ என்று வாயாலும் சொன்னாள். ரிப்பன் வெட்டும்வரை கதவு உள்பக்கமாகச் சாத்தியிருக்க வேண்டும். உள்ளே ஒரு ஆள்கூட இருக்கக் கூடாது. ஏணி, வாளி, விளக்குமாறு எதுவும் வெளியே கிடக்கக் கூடாது, எல்லாம் உள்ளே. சொல்லிவிட்டு மாலை வாங்கக் கடைத்தெருவுக்குப் போனாள். அங்கேதான் தப்புச் செய்தாள்.

கோட்டைக் கதவுக்கு வெளியே பூட்டே கிடையாது. எதிரி வெளியே நிற்பான் என்று கட்டியது, வெளியே எதற்குப் பூட்டு? உள்ளே ஒரு பெரிய குறுக்குக் கட்டை. மூன்று பேர் சேர்ந்து தூக்கினால்தான் நகரும். மூவரும் முக்கித் தூக்கிப் போட்டார்கள். பிறகு யோசனை வந்தது.

“அண்ணாச்சி, உள்ள ஆளு இருக்கே” என்றார் கோயில்பிள்ளை.

“எங்கலே?”

“நாமதான்.”

“நாம ஆளா? வாச்மேன்லா” என்றார் பால்துரை.

“வாச்மேன் ஆளில்லையா? வீட்டுல போய்ச் சொல்லிப் பாரு, அடுத்த வேளை சோறு உண்டான்னு தெரியும்.”

பால்துரை அரை நிமிஷம் அந்தச் சோற்றை நினைத்துப் பார்த்தார். ஆள்தான் என்று ஒத்துக்கொண்டார்.

“அப்ப ஒருத்தர் மட்டும் நின்னுக்கிடலாமா?” என்றார் மறுபடியும்.

சூசைமுத்து தாளை விரித்தார். “ஒரு ஆள்கூடன்னு போட்டிருக்கு. ரெண்டு பேரோ மூணு பேரோ நிக்கலாமான்னு தெரியல. ஒருத்தர் நிச்சயமாக் கூடாது.”

கடைசியில் யாருமே வேண்டாம் என்று முடிவானது. நூலேணியின் கொக்கியை மதிலில் மாட்டி மேலே ஏறினார்கள். ஏணியை வெளிப்பக்கம் தொங்கவிட்டு இறங்கினார்கள். இறங்குவதற்கு முன்னால் மூன்று தடவை உள்ளே எட்டிப் பார்த்து, ஒருவரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டார்கள். ஒரு காக்கை இருந்தது. அதையும் கல்லெறிந்து விரட்டினார்கள்.

இறங்கியதும் ஏணி வெளியே தொங்கியது.

“தாளைப் பாருங்க அண்ணாச்சி!” என்று பதறினார் கோயில்பிள்ளை.

கொக்கியைக் கழியால் தட்டி விடுவித்து, ஏணியைச் சுருட்டி, நடுவில் கல்லைக் கட்டி மதிலுக்கு மேலே வீசினார்கள். இரண்டு தடவை சூசைமுத்துவின் தலையிலேயே விழுந்தது. மூன்றாவது தடவை அந்தப் பக்கம் போய்த் தொப்பென்று விழுந்தது. பால்துரை கைதட்டினார்.

நாலு மணிக்குத் தலைவி வந்தார், மேளம் வந்தது, ஊரே வந்தது. ரிப்பன் வெட்டியாயிற்று.

“கதவைத் திறங்கப்பா!” என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள் ஹேமலதா. திரும்பினால், மூன்று பேரும் அவளுக்குப் பின்னால் சல்யூட் அடித்தபடி நிற்கிறார்கள்.

“நீங்க இங்கே நின்னா... உள்ளே யாரு?”

“ஒரு ஆள் இல்ல மேடம்! காக்காகூட இல்ல!”

“ஏணி?”

“உள்ள பத்திரமா இருக்கு மேடம்.”

ஹேமலதா மாலையை யார் கழுத்திலும் போடாமல் அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டாள். தலைவி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மேளக்காரர் வாசிப்பதா நிறுத்துவதா என்று முழித்தார். கதவிடுக்கில் பீரங்கியின் மூஞ்சி மட்டும் தெரிந்தது.

சூசைமுத்துவின் கண் முன்னால் திங்கட்கிழமை வந்து நின்றது. பதினோரு வருஷம். தொப்பியைக் கழற்றி அக்குளில் வைத்துக்கொண்டு, கதவருகே போய், மரியாதையாக மூன்று தட்டுத் தட்டினார்.

“உள்ள இருக்கிறவங்க கொஞ்சம் அந்தக் கட்டையைத் தூக்குங்க ஐயா. கனமாத்தான் இருக்கும். கதவைத் திறந்து விட்டியன்னா, நாங்க மூணு பேரும் உள்ள வந்து ஒரு கை பிடிக்கோம்.”