அரண்மனையில் கட்டிய வேப்பிலை

கடல் அலை கோட்டைச் சுவரை நனைத்துக்கொண்டிருந்த காலத்தில், பிள்ளைகளே, திரையராயன் என்றோர் அரசன் இருந்தான். பேரழகன்தான். அந்த அழகு அவன் தலைக்கேறிவிட்டது. அம்மைத் தழும்பு விழுந்த முகம் எதுவும் தன் சபைக்குள் வரக்கூடாது என்று சட்டம் போட்டான். தழும்பு இருந்தால் புலவனும் திரும்ப வேண்டியதுதான், வீரனும் திரும்ப வேண்டியதுதான், நீதி கேட்டு வந்தவளும் திரும்ப வேண்டியதுதான்.

ஒரு கோடையில் ஊருக்குள் அம்மை இறங்கியது. அந்த நாட்டில் அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை கட்டுவார்கள். கட்டிவிட்டால் வெளியார் யாரும் உள்ளே போகமாட்டார்கள். தெருத்தெருவாக வேப்பிலை ஏறியது. கடைசியில் அரண்மனை வாசலிலும் ஏறியது.

அரசனின் உடம்பெல்லாம் அம்மை முத்து. வைத்தியர் வாசலோடு நின்றார். மந்திரி வாசலோடு நின்றார். சாமரம் வீசியவர்களும் வாசலோடு நின்றார்கள். "தண்ணி... ஒரு வாய் தண்ணி..." என்று நா வறண்டு கேட்டவனுக்குக் குரல் கொடுக்கக்கூட ஆளில்லை. இப்படியே செத்துப்போவோமோ என்று அழுதான்.

அப்போது ஒரு கை அவன் தலையைத் தாங்கி, நீராகாரம் புகட்டியது. கண் திறந்தான். எதிரே முகமெல்லாம் தழும்போடு ஒருத்தி.

"உனக்குப் பயமில்லையா, அம்மா?"

"ஒருதரம் வந்துட்டுப் போன உடம்புக்கு ஆத்தா மறுபடி வரமாட்டா, சாமி. நான் உப்பளத்து நீலாயி. நீதி கேட்டு வந்தப்போ வாசல்லயே திருப்பி அனுப்பிட்டாங்க. என்னப்போல தழும்பு விழுந்தவங்கதான் இப்போ வீடு வீடாப் போயி கஞ்சி ஊத்துறோம். ஆளுதான் போதல."

அரசனுக்கு அப்போதுதான் உறைத்தது. தான் விரட்டிய முகங்கள் அல்லவா ஊரையே தாங்கிக்கொண்டிருக்கின்றன!

பிழைத்து எழுந்தவன் சபை வாசலுக்கு வந்தான். அவன் முகத்திலும் இப்போது தழும்பு. ஈட்டியைக் குறுக்கே நீட்டவும் முடியாமல், விலக்கவும் முடியாமல் காவலன் வழியில் நின்றான்.

"மன்னா... சட்டம்..."

அரசன் கிரீடத்தைக் கழற்றி அவன் கையில் கொடுத்தான்.

"நீ தடுத்தது சரிதான், அப்பா. அந்தச் சட்டம் இன்றோடு ஒழிந்தது என்று உள்ளே போய்ச் சொல். நாளைக்கு முதல் வழக்கு நீலாயியுடையது. இன்றைக்கு எனக்கு வேலை கிடக்கிறது."

சொல்லிவிட்டு, கஞ்சிப் பானையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, வேப்பிலை கட்டிய முதல் குடிசைக்குள் குனிந்து நுழைந்தான் அரசன்.

அதனால்தான் சொல்கிறேன்: நோய் விட்டுப்போன வடுவைப் பார்த்து யாரையும் ஒதுக்காதீர்கள், நமக்கு நோய் வரும் நாளில் வாசலைத் தாண்டி உள்ளே வருகிறவர் அவராகத்தான் இருப்பார்.