இன்னாசி மாமா வளர்த்த யேமன் பச்சோந்தி

இன்னாசி மாமா ஒண்ணு சொன்னா, அதுல பாதியைக் கழிச்சுட்டு மீதியைப் பக்கத்து வீட்ல விசாரிச்சுக்கணும்னு எங்க ஊர்ல பேச்சு. அன்னைக்குக் காத்து சரியில்லாம யாரும் கடலுக்குப் போகலை. நானும் சூசையும் காஸ்பரும் கரையில உக்காந்து கிழிஞ்ச வலையைத் தைச்சுட்டு இருந்தோம். மாமா வந்து வலை மேலேயே உக்காந்தார். இன்னைக்கு இந்த மனுசனை விடுறதில்லைன்னு காஸ்பர் என் காதுல சொன்னான். போன வாரம் மாமா திருக்கை மீன் மேல ஏறிக் கொழும்புக்குப் போய் வந்த கதையில அவன் வசமா மாட்டியிருந்தான்.

மாமாவோட அக்கா மகன் ரெக்ஸன் கப்பல்ல வேலை பார்க்கிறவன். யேமன் நாட்டுப் பச்சோந்தி ஒண்ணை அவர் பொறுப்புல விட்டுட்டுப் போயிருந்தான். இது நிஜம். கூண்டை நாங்களே பார்த்திருக்கோம். திரும்பி வர்றப்ப அது உசுரோட இல்லைன்னா இந்த வாசப்படி மிதிக்கமாட்டேன்னு சொல்லிட்டுப் போனானாம். வளர்ந்த பச்சோந்தி, ஒருநாள் விட்டு ஒருநாள் நாலஞ்சு பூச்சி போதும். பூச்சி மேல கால்சியம் பொடி லேசாத் தூவணும். வைட்டமின் பொடி மாசம் ரெண்டு தடவைதான். கிண்ணத்துல தண்ணி வச்சா சீண்டாது, இலை மேல தெளிச்சாத்தான் நக்கிக் குடிக்கும். எல்லாம் ரெக்ஸன் சொல்லிட்டுப் போனது.

"இதெல்லாம் பெரிய வேலை இல்லலே," என்றார் மாமா. "அதுக்குச் சாப்பாடு போடுறதுக்கு முன்னாடி, அதோட சாப்பாட்டுக்கு நான் சாப்பாடு போடணும். அங்கதான் இடுப்பு ஒடிஞ்சுது."

பட்டினி வெட்டுக்கிளியைத் தின்னா பச்சோந்திக்கு ஒண்ணும் ஒட்டாதாம். அதனால வெட்டுக்கிளிக்கு முருங்கைக்கீரை, கேரட்டுன்னு அத்தை தினமும் நறுக்கிப் போட்டாங்களாம். ருசி பிடிச்சுப்போய், காட்டுல இருந்த வெட்டுக்கிளியெல்லாம் ரேஷன் கடை மாதிரி வாசல்ல வரிசையில வந்து நின்னுச்சாம். ஒவ்வொண்ணும் கோழிக்குஞ்சு தண்டி. ஒரு தாவு தாவினா கூரை ஓடு சரியுமாம். வீட்டுப் பூனை பயந்து கோயில்ல போய்ப் படுத்துக்கிட்டதாம்.

அவ்வளவு பெரிசை அது எப்படி முழுங்குச்சுன்னு சூசை கேட்டான்.

அதுக்குத்தான் பொடின்னார் மாமா. லேசான்னா எவ்வளவுன்னு ரெக்ஸன் சொல்லலை. வள்ளம் தள்ளுற கைக்கு லேசுன்னா ஒரு கைப்பிடி. ரெண்டே வாரத்துல அதுக்கு எலும்பெல்லாம் இரும்பாயிட்டதாம். ஏறி உக்காந்த கிளை ஒடிஞ்சுது. கம்பியைக் கட்டினார், கம்பி வளைஞ்சுது. வைட்டமினும் அதே கைதான். அது நேரா நாக்குல போய் இறங்கியிருக்கு. முதல்ல எதிர்ச்சுவர் ஈ. அப்புறம் எதிர்வீட்டு ஈ. கடைசியில ஜன்னல் வழியா நாக்கை விட்டு, ரெண்டு தெரு தள்ளி மீன்கடையில மொய்க்கிற ஈயைப் பிடிச்சதாம்.

அந்த நாக்கு திரும்பி வர எவ்வளவு நேரம் ஆகும்னு காஸ்பர் விசாரிச்சான்.

"போறது கண்ணுக்கே தெரியாது. வர்றப்ப எவனாவது சைக்கிள்ல குறுக்கே வந்தா லேட்டாகும்."

இப்படி அள்ளிப் போட்டா வாயில்லா ஜீவனுக்கு ஆகுமான்னு காஸ்பர் விடலை. மாமா முகம் சுருங்கிப்போச்சு. ஆகலைதான்னு ஒத்துக்கிட்டார். ஒருநாள் அது சாப்பாட்டை நிறுத்திட்டுதாம். உடம்பெல்லாம் கறுத்து, ரெண்டு கண்ணையும் மூடிக்கிட்டுதாம். மாமாவுக்குக் கஞ்சி இறங்கலை. அக்கா மகன் முகத்துல எப்படி முழிப்பேன்னு அழுதிருக்கார். கடல்காத்து பட்டாலாவது தெளியும்னு வள்ளத்துல வச்சுக் கூட்டிட்டுப் போயிருக்கார்.

நடுக்கடல்ல எஞ்சின் நின்னுபோச்சு. நங்கூரம் போட்டார், கயிறு அறுந்துச்சு. நீரோட்டம் இலங்கைப் பக்கம் இழுத்துச்சு. இருட்டுற நேரம், சுத்துமுத்தும் ஒரு வள்ளம் இல்லை. அந்தோணியாரேன்னு கையைத் தூக்கினப்ப, அது ஒரு கண்ணைத் திறந்து மாமாவைப் பார்த்துச்சாம். இன்னொரு கண்ணு கரைப்பக்கம் திரும்புச்சாம். கரையில அப்பத்தான் லைட்ஹவுஸ் விளக்கு எரிய ஆரம்பிச்சிருக்கு. பசியோட இருந்த பச்சோந்தி அதை மின்மினிப்பூச்சின்னு நினைச்சுட்டுது.

"விட்டுதுலே நாக்கை. விளக்குக்கு ஒரு ஆள் உயரம் கீழே, சுவத்துல போய்ச் சப்புன்னு ஒட்டிச்சு. அது இழுக்க, லைட்ஹவுஸ் நகரலை. வள்ளம்தான் நகர்ந்துது. வந்த வேகத்துல மீனெல்லாம் ஒதுங்க இடமில்லாம வள்ளத்துக்குள்ளேயே துள்ளி விழுந்துச்சு."

காஸ்பர் ஊசியைக் கீழே வச்சான். இது என்னைக்கு நடந்ததுன்னு ரொம்பப் பணிவாக் கேட்டான். பங்குனி, கோயில்ல ஊருக்கே அசனச் சாப்பாடு போட்டாங்களே, அன்னைக்குத்தான்னார் மாமா.

"அன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும் அந்த லைட்ஹவுஸுக்குச் சுண்ணாம்பு அடிச்சது நான்தான் மாமா. இருட்டுறப்ப காயவே இல்லை. ஈரச் சுண்ணாம்புல நாக்கு எப்படி ஒட்டும்?"

அவன் சொன்னது உண்மை. தன்னோட வள்ளம் பழுதாக் கிடந்த அந்த மாசம் முழுக்க அவன் வெள்ளையடிக்கத்தான் போனான். சூசை சிரிக்கிறதுக்கு வாயைத் திறந்து தயாரா வச்சிருந்தான்.

மாமா காஸ்பரோட ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டார். கண்ணு கலங்கியிருந்துச்சு.

"அடிச்சது நீதானாலே? ரெண்டு தடவை வழுக்கிட்டுத்தான் வந்துச்சு. மூணாவதுதான் ஒட்டிச்சு. நீ நல்லா இருக்கணும். வழுக்கினப்ப வழிச்சுட்டு வந்த சுண்ணாம்பு இருக்கு பாரு, அதுக்கப்புறம் இன்னைக்கு வரைக்கும் நான் அதுக்குக் கால்சியம் பொடியே போட்டதில்லை."

காஸ்பர் ஊசியை எடுத்து, ஏற்கெனவே தைச்ச இடத்தையே மறுபடியும் தைக்க ஆரம்பிச்சான்.