மடி காலியாகாத செங்கமலம்

கொட்டாவி விடாமல் கேட்டால் சொல்கிறேன். விட்டாலும் சொல்கிறேன், இது கொட்டாவிக் கதைதான். வெகு வெகு காலத்துக்கு முன்னே, மேகம் வாசல்வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகும் மஞ்சுமலை நாட்டிலே, செங்கமலம் என்று ஒருத்தி இருந்தாள். குளிர் நாடு. பிள்ளை பிறந்தாலும் போர்வை, பெண்ணைக் கட்டிக்கொடுத்தாலும் போர்வை. பழைய சேலை வேட்டிகளைச் சதுரம் சதுரமாக வெட்டி, ஒட்டி, நடுவே பஞ்சு வைத்துத் தைக்கிற ஒட்டுப் போர்வை. அதை ஆரம்பிப்பதில் செங்கமலத்தை மிஞ்ச ஆள் கிடையாது. முடிப்பதில்தான் கொஞ்சம் தகராறு.

அவள் வீட்டில் ஏழு கூடை. கூடைக்கு ஒரு பாதிப் போர்வை. ஆட்டுக்காரர் வீட்டு இரட்டைப் பிள்ளைகளுக்கென்று ஆரம்பித்த தொட்டில் போர்வையும் அதில் ஒன்று. அந்தப் பிள்ளைகளுக்கு இப்போது மீசை முளைத்துவிட்டது. என்ன செய்வாள், பாவம்! ஒன்றைத் தைக்கும்போதே மிஞ்சின துண்டு இரண்டு பக்கத்தில் பக்கத்தில் விழுந்து அழகாகத் தெரியும். உடனே அடுத்தது. "இந்த ஒரு வரிசை. முடிச்சிட்டுப் படுக்கிறேன்" என்பாள். ஒரு வரிசை ஒன்பதாகும். எழுந்திருக்கும்போதே களைப்போடு எழுந்து, களைப்போடு அடுப்பு மூட்டி, களைப்போடு ஊசியில் நூல் கோப்பாள்.

வெள்ளிக்கிழமை ஒரு பொழுதுதான் அவளுக்கு ஆறுதல். அன்று தைக்கிற பெண்கள் ஆற்றங்கரை மண்டபத்தில் கூடுவார்கள். செக்காட்டும் வடிவாம்பாள் வருவாள், பரிசல் ஓட்டும் குப்பாயி வருவாள், நாட்டின் ராணி மரகதவல்லியும் வருவாள். பாயில் உட்கார்ந்துவிட்டால் ராணியும் பரிசல்காரியும் ஒன்றுதான். நடுவே வறுத்த கடலை. "உன் ஊதாவைக் குடு, என் மஞ்சளைத் தர்றேன்" என்று துண்டு மாற்றிக்கொண்டு, சதுரம் கோத்துக்கொண்டு, ஊர்வம்பையும் கூடவே தைப்பார்கள். செங்கமலம் பாதியிலேயே சுவரில் சாய்ந்து தூங்கிப்போவாள். மூன்று குட்டிக் குறட்டை, அப்புறம் ஒரு நீளச் சீழ்க்கை. அதுதான் அவள் குறட்டையின் கணக்கு.

அந்தப் பெண்களுக்கு இரண்டு வழக்கம் உண்டு. விரலகலத் துண்டானாலும் வீசக்கூடாது. பாதியில் நிற்கிற போர்வையை அடுத்தவர் கண்ணில் காட்டக்கூடாது. காட்டினால் அது விளங்காதாம். ஆகையால் முடிந்ததை மட்டுமே மண்டபத்தில் விரிப்பார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் செங்கமலத்துக்கு உள்ளுக்குள் சுருக்கென்று குத்தும். 'எல்லாரும் முடிக்கிறாங்க. நான்தான் இப்படி' என்று நினைத்துக்கொள்வாள்.

ஒருநாள் உச்சிப்பொழுதில் அவள் வாசலில் ஒரு மந்திரவாதி வந்து நின்றான். உறங்காமுனி என்று பெயர். முந்நூறு வருஷமாகக் கண் மூடாதவன். கண் இரண்டும் மிளகாய்ப்பழம்.

"அம்மா செங்கமலம், இந்த வெள்ளி ஊசியைப் பிடி. இது களைக்காது. ஏழு கூடையையும் முடிச்சுத் தரும்."

"பதிலுக்கு நான் என்ன தரணும்?"

"உன் தூக்கம். இரவலாத்தான். உன் மடியில துணி இருக்கிறவரைக்கும் ஊசி நிக்காது, உன் தூக்கம் எங்கிட்ட இருக்கும். மடி காலியானா ஊசி விழும், தூக்கம் உனக்குத் திரும்பும். மூணாம் பௌர்ணமிக்குள்ள காலியாகலைன்னா, தூக்கம் எனக்கே சொந்தம்."

'நான்தான் தூங்குவதே இல்லையே' என்று நினைத்துச் சரி என்றுவிட்டாள். அவன் மலைக்கு ஓடினான், படுத்தான், தூங்கினான்.

ஊசி அவள் விரலோடு ஒட்டிக்கொண்டது. குத்து, இழு. குத்து, இழு. முதல் போர்வை முடிந்தது. ஆனால் மிஞ்சின துண்டு மடியில் விழுந்ததே! வீசலாமா? வீசக்கூடாது. ஊசி அந்தத் துண்டுகளில் பாய்ந்து புதுசாக ஒன்றை ஆரம்பித்தது. எடுத்துக் கூடையில் போட்டாலும் மறுபடி மடிக்கே இழுத்துக்கொண்டது. ஒன்று முடிந்தால் இரண்டு முளைத்தது. ஏழு கூடை ஒன்பதானது, ஒன்பது பன்னிரண்டானது. சோறு ஒரு கையால், தையல் ஒரு கையால். கண் மூடினாலும் தூக்கம் வராது, கழற்றிக் கொடுத்தாகிவிட்டதே! அழலாமென்றால் அதற்கும் தெம்பில்லை அவளுக்கு.

ஒரு வெள்ளிக்கிழமை போனது, இரண்டு போனது, மூன்று போனது. செங்கமலம் மண்டபத்துக்கு வரவில்லை. இப்படியே இரண்டு பௌர்ணமி கடந்துவிட்டது. உடம்பு சரியில்லை போலிருக்கிறது, தொந்தரவு செய்யவேண்டாம் என்று தோழிகள் இருந்துவிட்டார்கள். மூன்றாம் பௌர்ணமி ஒரு வெள்ளிக்கிழமை. அன்று பிற்பகல் தோழிகள் மூவரும் மண்டபத்தில் தைத்துக்கொண்டிருந்தபோது காற்று திசை மாறி வீசியது. மலைமேலிருந்து ஒரு குறட்டை வந்தது. மூன்று குட்டி, ஒரு நீளச் சீழ்க்கை.

வடிவாம்பாள் கடலையைக் கீழே போட்டாள். "அடியே, இது நம்ம செங்கமலத்தோட குறட்டை! மலைமேல அவளுக்கு என்ன வேலை?"

மூவரும் அவள் வீட்டுக்கு ஓடினார்கள். செங்கமலம் கண் சிவந்து, முகம் வெளுத்து, தைத்துக்கொண்டிருந்தாள். அவர்களைப் பார்த்ததும் முந்தானையை விரித்துக் கூடைகளை மறைத்தாள். "உள்ள வராதீங்கக்கா! எல்லாம் பாதியில கிடக்கு. பாக்காதீங்க!" என்றவள், ஊசியின் கதையைத் தட்டுத்தடுமாறிச் சொல்லி முடித்தாள்.

வடிவாம்பாள் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு கேட்டாள்: "எத்தனை பாதி?"

"பன்னண்டு."

"எங்கிட்ட ஒம்பது இருக்கு. எள்ளுக் குதிருக்குள்ள ஒளிச்சு வச்சிருக்கேன்."

குப்பாயி தலையைச் சொறிந்தாள். "எனக்குப் பதினாலு. பழைய பரிசலைக் கவுத்துப் போட்டு அதுக்கடியில."

ராணி தொண்டையைக் கனைத்தாள். "ஆயுதசாலையில முப்பத்தொண்ணு. ராஜா அதையெல்லாம் கூடார மூட்டைன்னு நெனைச்சுக்கிட்டிருக்கார்."

"அப்போ... நான் மட்டும் இல்லையா?" என்றாள் செங்கமலம். வராத அழுகை அப்போது வந்தது. மற்ற மூன்று பேரும் சிரித்தார்கள், சிரித்துக்கொண்டே அழுதார்கள்.

"குடு அதை. ஆளுக்கு நாலு கூடை" என்று கையை நீட்டினாள் வடிவாம்பாள்.

செங்கமலம் தயங்கினாள். உள்ளதைச் சொன்னால், வடிவாம்பாளின் தையல் தடித்த தையல். குப்பாயியின் வரிசை கோணும். ராணிக்கு நிறம் சேர்க்கவே தெரியாது. தன் போர்வையில் அந்தக் கைகளா? ஆனால் சூரியன் சாய்ந்துகொண்டிருந்தது. "கொண்டுபோங்க" என்றாள். நாலு கூடை போயிற்று. "கொண்டுபோங்க." இன்னும் நாலு. "கொண்டுபோங்க." கடைசி நாலும், மடியில் கிடந்த துணியும் போயிற்று. ஊசி துடித்தது. குத்து, இழு! உள்ளங்கையளவு நீலத் துண்டு ஒன்று மட்டும் மடியில் மிச்சம். ஊசி பாய்வதற்குள் ராணி அதை எடுத்து, குத்துப்பட்டுக் குத்துப்பட்டுப் புண்ணான செங்கமலத்தின் விரலில் கட்டாகக் கட்டிவிட்டாள்.

மடி காலி. ஊசி தரையில் விழுந்தது. மலையில் குறட்டை பாதியில் அறுந்தது. செங்கமலம் குப்பாயியின் தோளில் சாய்ந்தாள், அவ்வளவுதான், தூங்கிவிட்டாள்.

அலறியடித்துக்கொண்டு வந்தான் உறங்காமுனி. "என் தூக்கம் போச்சே!"

"ஏனய்யா உனக்குத் தூக்கம் வரலை?" என்றாள் ராணி.

"ஆரம்பிச்ச மந்திரம் நூத்தெட்டு. ஒண்ணும் முடியலை. கண்ணை மூடினா எல்லாம் வரிசையா வந்து நிக்குது" என்று விசும்பினான்.

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். குப்பாயி பாயில் இடம் ஒதுக்கி, முந்தானையில் முடிந்திருந்த கடலையை அவிழ்த்தாள். "இப்படி உக்காரு. கடலை எடுத்துக்கோ. எது எது பாதின்னு வாய்விட்டுச் சொல்லு." அவன் சொல்ல ஆரம்பித்தான். பதினேழாவது மந்திரத்தில் தலை தொங்கியது. முந்நூறு வருஷத்தில் முதல்முறையாக, அவனுடைய சொந்தத் தூக்கம். பக்கத்தில் கிடந்த பாதிப் போர்வையைப் போர்த்திவிட்டார்கள், முழங்கால்வரைதான் எட்டியது. அவன் சொந்தத் தூக்கம் வந்ததும் ஊசி கறுத்து உதிர்ந்துபோனது.

அன்றிலிருந்து மஞ்சுமலையில் வெள்ளிக்கிழமை என்றால் பாதிப் போர்வைகளைத்தான் கொண்டுவருவார்கள். ஒருத்தி ஆரம்பித்ததை நாலு பேர் முடிப்பார்கள். அந்தத் தொட்டில் போர்வைகூட முடிந்தது. இரட்டையரில் மூத்தவனுடைய பிள்ளைக்குப் போனது. ஓரம் கோணல், நிறம் பொருத்தமில்லை, தையல் தடிப்பு. குழந்தை அதற்குள் சுகமாகத் தூங்கியது.

செங்கமலமா? அன்று தோளில் சாய்ந்தவள் இரண்டு நாள் தூங்கி எழுந்தாள். பாய் ஓரத்தில் ஒரு பச்சைத் துண்டும் ஒரு குங்குமத் துண்டும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. ரொம்ப அழகாக இருந்தன. கை தானாக ஊசிப்பெட்டிக்குப் போனது. பாதி வழியில் நின்றது.

"நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று திரும்பிப் படுத்தாள்.

மூன்று குட்டி, ஒரு நீளச் சீழ்க்கை. நீங்களும் போய்ப் படுங்கள். பாதியில் கிடப்பது எங்கேயும் ஓடிப்போகாது.