யானைப் பக்கம் காட்டிய காசு

குட்டை வற்றிக்கொண்டிருந்தது. ஆமை தன் பதினொரு குஞ்சுகளையும் மிச்சமிருந்த சேற்றில் நெருக்கி வைத்துவிட்டு, கைபேசியில் ஏலம் பார்த்துக்கொண்டிருந்தது.

வேறு வழி இல்லை. அந்தக் காட்டில் கோடையிலும் வற்றாத நீர் மலையடி மடுவில் மட்டுமே உண்டு. அதைக் காவல் காப்பவை யானைகள். பழைய யானை அரசர் அச்சடித்த ஏழு காசுகளையும் சேர்த்துக் காட்டும் குடும்பத்துக்கே மடுவில் இடம் என்பது அங்கே விதி. ஏழு காசின் பின்புறத்திலும் யானை. முன்புறத்தில் மான், முயல், மயில், குரங்கு, கரடி, புலி, முதலை. முதல் ஆறும் எளிதில் கிடைக்கும். முதலைதான் அரிது.

அபத்தமான விதிதான். ஆனால் அபத்தமான விதி இருக்கும் இடத்தில், அதை வைத்துப் பிழைக்க ஒருவன் வந்துவிடுவான். இங்கே அவன் மரநாய்.

மரநாய் போட்ட ஏல விளம்பரம் இது: ‘ஏழு காசுகள். யானை அரசர் காலத்து அசல் பெட்டியுடன். அரிய முதலைக் காசைத் தேடுவோர் தவறவிடக் கூடாத வாய்ப்பு.’

கூடவே ஒரு படம். அதில் ஆறு காசுகள் முகம் காட்டின. ஏழாவது மட்டும் யானைப் பக்கத்தைக் காட்டிக்கொண்டு படுத்திருந்தது. கீழே ஐந்து பாராட்டுகள். ஐந்தையும் எழுதியவர்கள் மரநாயின் மைத்துனர்கள்.

ஆமை கேட்காமல் இல்லை.

“தம்பி, அந்த ஏழாவது காசு முதலைதானே?”

“படத்தைப் பெரிசாக்கிப் பாருங்க அக்கா. ஆறும் எது எதுன்னு தெரியுதில்ல? மீதி எதுன்னு நான் வேற சொல்லணுமா?”

“அதைத் திருப்பி வெச்சு இன்னொரு படம் போடேன்.”

“போட்டா விலை எங்கேயோ போயிடும். உங்களுக்காகத்தான் அப்படியே விட்டு வெச்சிருக்கேன். குஞ்சுங்க வெயில்ல கிடக்குதாமே, பாவம்.”

ஆமை சேமித்து வைத்திருந்த தாமரைக் கிழங்குகள் அத்தனையையும் கொடுத்து ஏலத்தை எடுத்தது.

பெட்டி வந்தது. இங்கேதான் ஆமை ஒரு தவறு செய்தது. அது ஆமைகள் மட்டுமே செய்யக்கூடிய தவறு. மண்ணில் இட்ட முட்டையைப் புரட்டினால் உள்ளே இருக்கும் உயிர் செத்துவிடும். ஆகவே ஆமைகள் முட்டைகளை எண்ணும், புரட்டாது. அருமையான எதையும் புரட்டாமல் இருப்பதே அவற்றுக்கு மரியாதை. ஆமை பெட்டியைத் திறந்தது. எண்ணியது. ஏழு இருந்தன. ‘சரியாகப் பெற்றுக்கொண்டேன்’ என்ற பொத்தானை அழுத்தியது.

மடுவின் வாயிலில் காவல் யானை துதிக்கை நுனியால் ஒவ்வொரு காசாகப் புரட்டியது. ஏழாவதைப் புரட்டியதும் நிறுத்திக்கொண்டது.

“மான்.”

“மான் முதல்லயே வந்துடுச்சே, ஐயா.”

“அதான் சொல்றேன். ரெண்டு மான் இருக்கு. முதலை இல்லை.”

“குஞ்சுகளை மட்டுமாவது உள்ளே விடுங்க. நான் வெளியே நிக்கிறேன்.”

“உங்களை விட்டா நாளைக்குக் காடே இங்க வந்து நிக்கும்மா. முதலையோட வாங்க.”

ஆமை ஏல நடுவரிடம் புகார் கொடுத்தது. நடுவர் ஒரு கொக்கு. ஒவ்வொரு விற்பனையிலும் பத்தில் ஒரு பங்கு அவருக்கு. பங்கு கிழங்காக வந்தாலும் மீனாக மாற்றிக்கொள்வார். பங்கை அன்றைக்கே எடுத்துக்கொள்பவருக்கு, புகாரைக் கையில் எடுக்க ஒன்பது நாள் ஆயிற்று. அந்த ஒன்பது நாளில் சேறு வெடித்தது. மூன்று குஞ்சுகள் ஓட்டுக்குள்ளேயே காய்ந்து போயின.

பத்தாம் நாள் கொக்கு விளம்பரத்தை இரண்டு முறை படித்தார்.

“ஏழு காசுகள் என்று சொன்னார். ஏழு வந்ததா?”

“வந்தது.”

“பெட்டி அசல்தானே?”

“பெட்டி அசல்தான்.”

“முதலைக் காசு உள்ளே இருக்கிறது என்று எங்காவது எழுதியிருக்கிறாரா?”

“தேடுவோர் தவறவிடக் கூடாதுன்னு எழுதியிருக்காரே ஐயா. இல்லாததை எப்படித் தவறவிடுறது?”

“தேடச் சொன்னார். கிடைக்கும் என்று சொல்லவில்லை.” கொக்கு கழுத்தை வளைத்து மரநாயைப் பார்த்தார். மரநாய் பணிவோடு வாலைச் சுருட்டிக்கொண்டது. “போதாக்குறைக்கு, சரியாகப் பெற்றுக்கொண்டேன் என்று நீயே அழுத்தியிருக்கிறாய். விளம்பரத்தில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. புகார் தள்ளுபடி.”

“என் குஞ்சு மூணு செத்துப்போச்சு.”

“அது இந்தப் புகாரில் இல்லையே.”

வெளியே வந்ததும் மரநாய் சொன்னது: “நடந்தது நடந்துபோச்சு, அக்கா. அதே பெட்டியை நீங்களும் ஏலத்துல விடுங்களேன். அந்தக் காசை மறுபடி கவுத்து வெச்சா ஆச்சு. படம் வேணும்னா நான் எடுத்துத் தர்றேன்.”

ஆமை குட்டைக்குத் திரும்பி, தானே படம் எடுத்தது. ஏழு காசுக்கும் இரண்டு பக்கமும், பதினான்கு படம். வாழ்நாளில் முதல் முறையாக ஒவ்வொன்றையும் தன் காலாலேயே புரட்டியது. பிறகு எழுதியது: ‘இரண்டு மான். முதலை இல்லை. இதைக் காட்டினால் மடுவில் விட மாட்டார்கள். விட மாட்டார்கள் என்று தெரிந்தே இதை எனக்கு விற்றவர் மரநாய். அதில் பொய் இல்லை என்றவர் கொக்கு. முதலைக் காசுக்கு ஒரு மானை மாற்றிக்கொள்ளத் தயார்.’

காடே படித்தது. வாங்க யாரும் வரவில்லை. ஆனால் அன்று மாலையே ஒரு பெருச்சாளி மூச்சிரைக்க ஓடி வந்தது.

“ரெண்டு மான் இருக்குன்னு போட்டிருக்கீங்களே, நிசமா?”

“புரட்டிப் பார்த்துக்கோ.”

பெருச்சாளி புரட்டிப் பார்த்தது. பிறகு கன்னத்தில் அடக்கி வைத்திருந்த காசைத் துப்பியது. முதலை.

“என்கிட்ட ரெண்டு முதலை இருக்கு அக்கா. மான் மட்டும் இல்லை. சுலபமா கிடைக்குதுங்கிற மானுக்காக ரெண்டு கோடையா அலையறேன். யாருகிட்ட எது ரெண்டா இருக்குன்னு ஒருத்தரும் எழுத மாட்டேங்கறாங்க. எல்லாக் காசும் யானைப் பக்கமாவே படுத்திருக்கு.”

மானும் முதலையும் கை மாறின. இரண்டு குடும்பங்களும் மறுநாள் மடுவுக்குள் போயின.

அதற்குப் பிறகு எந்த விளம்பரத்தின் கீழும் ஒரே கேள்விதான் வந்தது: ‘புரட்டிக் காட்டு.’ மரநாயால் புரட்டிக் காட்ட முடியவில்லை. அதன் விற்பனை நின்றது. கொக்கின் பங்கும் நின்றது. மூன்று உயிர் போனபோது அசையாத கொக்கு, மூன்று நாள் மீன் வராததும் பறந்து வந்தார். இரண்டு பக்கப் படமும் கட்டாயம் என்று புதிய விதி எழுதி, அதன் அடியில் தன் பெயரையும் போட்டு, மடுக்கரையில் ஆமையிடம் நீட்டினார்.

“உனக்காகத்தான் எழுதினேன். படித்துக் காட்டட்டுமா?”

“என் எட்டுக் குஞ்சும் தண்ணிக்குள்ள இருக்கு. அதுங்களுக்கு இது வேண்டாம்,” என்றது ஆமை. “மூணு குஞ்சு அந்தக் குட்டையில கிடக்கு. அங்க போய்ப் படிங்க.”

கொக்கு போகவில்லை. அங்கே மீன் இல்லை.

பிறரை ஏமாற்றுவதற்கென்றே அளந்து சொல்லப்படும் உண்மையும் பொய்தான். அதில் பொய் இல்லை என்று தீர்ப்பளிப்பவர் நடுவர் அல்ல, அந்த வியாபாரத்தில் பங்காளி.