பூங்காவனத்தின் விடை

மலைப்பள்ளியின் ஒரே ஆசிரியனான மாசிலாமணி, இனி மலையேறுவதில்லை என்று முடிவு கட்டிக்கொண்டு அடிவாரத்துக்கு இறங்கி வந்தான். ஆசிரியப் பயிற்சியில் தன்னை உருவாக்கிய வேதவல்லி அம்மையாரிடம் மட்டும் ஒரு சொல் சொல்லிவிட்டுப் போகவேண்டும்.

அம்மையார் முறத்தை மடியில் வைத்துப் பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"வேலையை விடுகிறேன், அம்மா."

"விட்டுவிட்டு?"

"ஏதேனும் கடையில் நிற்பேன். அங்கே என் பிழையால் எந்தப் பிள்ளையும் சாகாது."

அம்மையாரின் விரல்கள் நின்றன. "யார் செத்தது?"

"யாருமில்லை. இரண்டாம் வகுப்புப் பூங்காவனம். பிழைத்துக்கொண்டாள்."

"அப்படியானால் ஒப்பாரியை நிறுத்து. நடந்ததைச் சொல்."

சொன்னான். நாள்தோறும் காலையில் பிள்ளைகளை எழுந்து நிற்கச் செய்து, 'ஹவ் ஆர் யூ?' என்று கேட்பான். 'ஐ ஆம் ஃபைன், தேங்க் யூ' என்று கூரை அதிர ஒரே குரலில் சொல்வார்கள். மலைக்கு இங்கிலீஷ் ஏறிவிட்டதென்று அவனுக்குப் பெருமை பிடிபடாது. அன்றும் கேட்டான். பூங்காவனமும் சொன்னாள். நண்பகலில் பெஞ்சின்மேல் சாய்ந்தவள் எழவில்லை. உடம்பு அனலாய்க் கொதித்தது. தூளி கட்டி மலையிறக்கினார்கள்.

"ஆஸ்பத்திரியில் டாக்டர், 'எப்படிம்மா இருக்கே?' என்று தமிழில்தான் கேட்டார், அம்மா. கண்ணைத் திறக்காமலே, 'ஐ ஆம் ஃபைன், தேங்க் யூ' என்றாள்."

"வேறு விடை ஏதும் சொல்லிக் கொடுத்திருக்கிறாயா?"

"பாடத்தில் அந்த ஒன்றுதான் இருக்கிறது."

"பாடம் மலையேறி வந்து முகத்தைப் பார்க்குமா?"

அம்மையார் ஒரு கல்லை எடுத்து வாசலில் எறிந்தார்.

"அது போகட்டும். நீ எப்படி இருக்கிறாய்?"

"நன்றாக இருக்கிறேன், அம்மா."

அம்மையார் அவன் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. சொன்னது தன் காதிலேயே விழ, அவன் தலை தாழ்ந்தது.

வேறொரு குரலில் பேசினான். "பள்ளி விட்டால் பேச ஆளில்லை. அடைமழை நாட்களில் பிள்ளைகளும் வருவதில்லை. வெறும் பெஞ்சுகளுக்கு முன்னால் நின்று பேர் கூப்பிட்டிருக்கிறேன், அம்மா. ஒரு குரலாவது கேட்குமே என்று."

அம்மையார் தேற்றவில்லை.

"இதை யாரிடமாவது சொன்னதுண்டா?"

"இல்லை."

"இங்கிலீஷில் சொல்ல வருமா?"

"வரும், அம்மா."

அம்மையார் முறத்தை மறுபடி மடிக்கு இழுத்துக்கொண்டார்.

"நாளைக் காலையில், முதலில் பிள்ளைகள் உன்னை, 'ஹவ் ஆர் யூ?' என்று கேட்கட்டும்."