இரண்டு நாள் தூரத்துக் குன்று

முன்னொரு காலத்தில் ஒரு நாட்டு அரசருக்குத் தேறல் என்னும் மதுமேல் ஆசை வந்தது. சும்மா ஆசையா? செங்குன்றில் விளையும் திராட்சைத் தேறல்தான் வேண்டும், அதுவும் அரண்மனைச் சாளரத்தில் நின்று பார்த்தால் தெரிகிற தோட்டத்திலேயே விளைய வேண்டும் என்ற ஆசை. செங்குன்றோ இரண்டு நாள் பயணம். இந்த யோசனையை அரசர் காதில் போட்டவர் தோட்ட அதிகாரி பேரையர்தான் என்று ஊருக்கே தெரியும். நமக்கெதற்கு வம்பு!

பேரையருக்கு விகடகவி நக்கன்மேல் நெடுநாள் எரிச்சல். நக்கன் வாயைத் திறந்தால் அரசர் சிரிப்பார். பேரையர் திறந்தால் கொட்டாவி விடுவார். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

"அரசே, கொடிகளைப் பெயர்த்து வந்து இங்கே நட்டால் போயிற்று. மண்ணெல்லாம் மண்தானே! பொறுப்பை நக்கனிடம் கொடுங்கள். சுவை மாறினால் அவனும் அந்தக் குன்றில் கொடி வளர்க்கும் தோட்டக்காரியும் நாட்டைவிட்டுப் போகட்டும்" என்றார்.

அரசர் ஓலை எழுதினார்: "செங்குன்றுத் தேறல் ஒரு குறையுமின்றி நம் தோட்டத்தில் விளைய வேண்டும். அதற்கு நக்கன் கேட்பது எதுவாயினும் தடையின்றிக் கொடுக்கப்பட வேண்டும்."

நக்கன் குன்றேறினான். அங்கே கொடிகளை முப்பது வருடமாக வளர்த்தவள் சிலம்பாயி. ஓலையைப் படித்து, கொடிகளைப் பெயர்க்க வேண்டும் என்று சொன்னதும் அவள் அழவில்லை. ஒரு கொடியின் தூரைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"வேரு பாறை இடுக்குல பத்து முழம் போயிருக்கு சாமி. புடுங்குனா அம்புட்டும் செத்துரும்."

"உன் தேறலுக்கு மட்டும் எப்படி இந்த ருசி?"

"நான் என்னத்தப் பண்றேன்? இந்தச் சரளைக்கல்லு பகல்ல வெயிலக் குடிச்சு ராவுல கக்கும். மேல்காத்து பனிய ஒலர்த்தும். தண்ணிய அளவாத்தான் காட்டுவேன். தவிச்ச கொடிதான் பழத்துல சாரத்த வைக்கும். கொடிய வெட்டிக் கவாத்து முடிஞ்சா கொள்ளு வெதச்சு, பூக்கையில மடக்கி உழுதுருவேன். அப்புறம் எருவுக்கு ஆட்டுக்கிடை. நான் குடுக்கிறத மண்ணு வாங்கிக்கும், அது குடுக்கிறத நான் வாங்கிக்குவேன்."

ஊரைச் சிரிக்க வைப்பவனுக்கு அன்று சிரிப்பு வரவில்லை. இறங்கும் வழியெல்லாம் அந்தக் கை கொடியைப் பிடித்திருந்த பிடிதான் கண்ணில் நின்றது.

ஊர் திரும்பியதும் சபையில், "அரசே, வேலையைத் தொடங்குகிறேன். கொடி கடைசியில் வரும். முதலில் குன்று வரவேண்டும்" என்றான். அரசர் ஏதோ விகடம் என்று தலையாட்டினார்.

முந்நூறு வண்டிச் சரளை வந்து இறங்கியது. தோட்டத்துக்கு மேற்கே பேரையரின் மாடி வீடு. மேல்காற்றை மறைக்கிறதாம், ஆட்கள் ஏறி ஓடு பிரித்தார்கள். கொடி தவிக்க வேண்டுமாம், வாய்க்காலை அடைத்தான். அந்தத் தண்ணீரில் வளர்ந்த பேரையரின் வெற்றிலைக் கொடிக்கால் வாடியது. நான்காம் நாள் இருநூறு ஆடுகள் வந்தன. தோட்டத்தில் சரளை கிடப்பதால் கிடை மறிக்க இடமில்லை என்று, அவற்றைப் பேரையர் வீட்டு முற்றத்தில் மறித்தான். அந்த வீட்டு அம்மாள் போட்ட கூச்சல் நாலு தெருவுக்குக் கேட்டது. நாமெல்லாம் கதவைத் திறந்து வைத்துத்தான் கேட்டோம்.

பட்டு அங்கவஸ்திரத்தில் ஆட்டுப் புழுக்கை ஒட்டியிருக்க, பேரையர் சபைக்கு ஓடிவந்தார். "அரசே! இவன் என் குடியைக் கெடுக்கிறான்!"

"ஒரு குறையுமின்றி என்பது ஆணை, அரசே. புழுக்கை குறைந்தாலும் குறைதானே?" என்றான் நக்கன்.

"அடேய்! அந்தக் காற்றும் வெயிலும் இங்கே எப்படியடா வரும்? அந்த மண் வேறு, இந்த மண் வேறு!"

சொன்ன பிறகுதான் பேரையருக்குத் தன் வாய் தன்னையே கடித்தது உறைத்தது.

"பேரையர் மண்ணைக் கவ்விட்டாருப்பா" என்றான் ஒரு வாயிற்காவலன்.

"எந்த மண்ணை? செம்மண்ணா, வண்டலா?" என்றான் மற்றவன்.

அரசர் வயிறு குலுங்கச் சிரித்து, ஓலையைக் கிழித்தார். குன்றும் கொடியும் சிலம்பாயிக்கே என்று செப்பேடு எழுதச் சொன்னார். நக்கன் கழுத்தில் தம் முத்துமாலையைப் போட்டார்.

செப்பேடு வாங்க வந்த சிலம்பாயி அவ்வருடத் தேறலில் ஒரு குடம் கொண்டுவந்தாள். ஒரு வாய் குடித்த அரசரின் முகம் மாறியது.

"ஏன் இது இப்படித் துவர்க்கிறது?"

பேரையர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இந்த வருசம் வானம் பொய்ச்சுப்போச்சு சாமி. எங்க பக்கம் பதினேழு ஊருல வெதப்பே இல்ல. அந்த வறட்சியத்தான் நீங்க இப்பக் குடிக்கிறீங்க."

அரசர் அமைச்சர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார், ஒவ்வொருவராகத் தலை குனிந்தார்கள்.

"நக்கா, சிரிக்க ஏதாவது சொல்லேன்."

"இதற்கு என்னிடம் விகடம் இல்லை, அரசே."

அன்றைக்கே பதினேழு ஊருக்கும் நெல்வண்டிகள் புறப்பட்டன. அரசரோ குவளையைக் கீழே வைக்கவில்லை. முகத்தைச் சுளித்தபடியே, கடைசிச் சொட்டுவரை குடித்தார்.